பொங்கலன்று கறுப்புச் சேலை

பூனாவில் பொங்கலன்று பெண்கள் கறுப்புச் சேலை கட்டுகிறார்கள். இங்கே அது சங்கராந்தி. குளிர்காலப் பண்டிகைக்குக் கறுப்புதான் பொருத்தமாம். நல்ல நாளும் அதுவுமாகக் கறுப்பா என்று நம்மூரில் வாசலிலேயே வைத்துத் திட்டியிருப்பார்கள். வங்கி மாற்றலில் இந்தச் சாங்விப் பகுதிக்கு வந்து மூன்று வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. அன்று மாலை மாடிப்படியெல்லாம் வளையல் சத்தம். சுமங்கலிகளை வீட்டுக்கு அழைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து எள்ளுருண்டை கொடுக்கிறார்கள். நான் கணவரின் படத்துக்கு முன் ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கலை வைத்துவிட்டு, வழக்கம்போலக் கதவைச் சாத்திக்கொண்டேன். என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரியும். கூப்பிடாமல் தாண்டிப் போவதைப் பார்க்க வேண்டாமே.

எதிர்வீட்டு சுனந்தா கதவைத் தட்டினாள். "வஹினி, சலோ." தெரிந்த பெண்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நெல்லையில் அண்ணன் மனைவியை மதினி என்போமே, அதுதான். என் அரைகுறை இந்தியில், கணவர் இறந்துவிட்டார், நான் வரக்கூடாது என்றேன். "மாலூம் ஹை." தெரியும் என்று சொல்லிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். கூடத்தில் இருந்த பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் தட்டை நகர்த்திக்கொண்டாள். சுனந்தா என் நெற்றியில் மஞ்சளை வைத்து, குங்குமத்தைத் தொட்டு, வைக்கட்டுமா என்பதுபோல் பார்த்தாள். நான் குனிந்தேன்.

குனிந்தபோது என் மதினிதான் நினைவுக்கு வந்தார். என் மகளின் வளைகாப்பில் சந்தனக் கிண்ணத்தோடு அவர் எழுந்தபோது, "மதினி, நீங்க உள்ள பாயாசத்தப் பாத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் நான். அண்ணன் போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மதினி கிண்ணத்தை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகு என் வீட்டில் சாவு விழுந்தபோது, பதினாறு நாளும் என் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவரும் அவர்தான். அப்போதுகூட எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போன் செய்தேன்.

"என்ன செல்வி, பொங்கல் வச்சாச்சா?"

"வச்சாச்சு மதினி. அன்னைக்கு வளைகாப்புல நான் உங்கள..."

மதினி என்னை முடிக்க விடவில்லை.

"அன்னைக்குப் பாயாசம் அடிபிடிக்கலல்லா? அது போதும்," என்று மதினி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கின்மேல் உதிர்ந்த குங்குமத்தைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பூனாவில் அது என் நெற்றிக்கு வந்துவிட்டது. நான் வைக்க வேண்டிய நெற்றி திருநெல்வேலியில் இருந்தது.