கை படாத கிட்டார்

மோட்டார் காயில் கட்டும் கடைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள் என்று எதிர்பாராமல் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எட்டிப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இல்லையா?" என்று கேட்பார்கள். "கடைக்காரர்தான் பேசுறேன், மோட்டாரைக் கீழே வைங்க" என்பாள் அவள். தெருவில் எல்லோருக்கும் அவள் காயில் அக்கா.

பதினெட்டு வயதில் மின்விசிறி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவள். பதினாறு வருடம் செம்புக் கம்பியைச் சுற்றியே கழிந்தது. தொழிற்சாலை மூடப்பட்டபோது மற்றவர்கள் வாசலில் நின்று அழுதார்கள். அவள் நேரே போய் ஒரு தையல் கடைக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த அறையை வாடகைக்குப் பேசினாள். தண்ணீர் பம்பு, மிக்ஸி, துளைபோடும் எந்திரம் என்று எது புகைந்து வந்தாலும் பிரித்துப் போட்டு, கருகிய கம்பியை உருவி, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றி, ஓட்டிக் காட்டித்தான் கொடுப்பாள். வேலையைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வாள். வேலையைப் பார்க்காமலே குறை சொன்னால் மட்டும் தாங்காது. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர், "உன் கோபத்துக்கு ஒரு மெயின் ஸ்விட்ச் வெச்சுக் குடுக்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவளுடைய தம்பி ஏழு வயது இளையவன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. வார இறுதியில் மேடைகளில் கிட்டார் வாசிப்பான். இருபத்திரண்டு வருடமாக வாசிக்கிறான். பாதி வருடங்கள் இரவல் கிட்டார், மீதி வருடங்கள் இரவலைவிட மோசமான சொந்தக் கிட்டார். ஒருநாள் மதியம் சாப்பிடக்கூடப் போகாமல் அக்கா கடைக்கு ஓடி வந்தான்.

"அக்கா, ஒரு பழைய எலக்ட்ரிக் கிட்டார் வந்திருக்கு. அறுபது வருஷத்துப் பழசு. உள்ளே ஒரு ஸ்க்ரூகூடத் திறக்கலையாம்."

"அறுபது வருஷமா ஸ்க்ரூவைத் திறக்காம எந்தச் சாமானாவது ஓடுமாடா?"

"அதனாலதான் அதுக்கு அந்த விலை."

விலையைச் சொன்னான். அவனுடைய எட்டு மாதச் சம்பளம். அக்கா கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்துவிட்டாள்.

"வீட்டுல சொல்லிட்டியா?"

"சொன்னேன். உங்க அக்கா வந்து பார்த்துச் சரின்னு சொல்லட்டும், நான் மறுபேச்சு பேச மாட்டேன்னுட்டா."

இப்படித்தான் அவள் சனிக்கிழமை காலையில் டெஸ்டரையும் சின்ன ஸ்க்ரூடிரைவர்களையும் கைப்பையில் போட்டுக்கொண்டு அவனோடு கிளம்பினாள்.

கடை மாடியில் இருந்தது. ஜில்லென்ற அறை. சுவர் முழுக்க வரிசையாகக் கிட்டார்கள், எதையும் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டிய அட்டைகள். வியாபாரி நறுக்கிய தாடி வைத்த மனிதர். மெல்லப் பேசுவார், யாரோ பக்கத்து அறையில் தூங்குவதுபோல. வெல்வெட் பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்தார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது பழைய பியானோ கட்டையின் மஞ்சள். முழங்கை உரசும் இடத்தில் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது.

"பாருங்க சார். தொழிற்சாலையை விட்டு எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கு. பெயிண்ட், காயில், உள்ளே ஓடுற ஒயர், எதையும் மாத்தலை. யார் கையும் படலை."

தம்பி அதை ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் சொருகி வாசித்தான். அக்காவுக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் காது உண்டு. ஒரு மோட்டாரின் பேரிங் தேய்ந்திருப்பதைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தச் சத்தம் அவளைப் பிடித்து நிறுத்தியது. மணியோசை மாதிரியும் இல்லை, உறுமல் மாதிரியும் இல்லை. தொண்டை கொஞ்சம் கட்டிக்கொண்ட ஒரு நல்ல பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆன அன்றுகூட அந்த முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை.

"திறந்து பார்க்கணும்" என்றாள்.

"திறந்தா மதிப்பு குறையும்மா."

"திறக்காம வாங்கினா என் தம்பியோட மதிப்பு குறையும், அவன் வீட்டுல."

தாடிக்காரர் தம்பியைப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "அக்கா பார்க்காம முடியாது சார்" என்றான். வேறு வழியில்லாமல் ஒரு துணியை மேசையில் விரித்தார்.

முதல் ஸ்க்ரூவிலேயே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்க்ரூவின் தலையில் புதுக் கீறல். அறுபது வருடத் துரு ஒரு பக்கம், பளபளக்கும் கீறல் ஒரு பக்கம். ஒன்றும் சொல்லாமல் கழற்றினாள். மேல் தகட்டைத் தூக்கினாள். கம்பிகளின் அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் உள்ளே இருந்தது. சின்னச் சோப்புக்கட்டி அளவுள்ள காயில். அதன் நுனியில் மஞ்சள் நூல், இரட்டை முடிச்சு.

அது அவள் போடும் முடிச்சு.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், ஒருவர் சோப்பு டப்பாவில் வைத்து ஒரு காயிலை மட்டும் கொண்டுவந்தார். கிட்டாரை அவள் பார்க்கவே இல்லை. "செத்துப்போச்சு, உயிர் குடுக்க முடியுமா?" என்று கேட்டார். தம்பிக்குப் போன் போட்டபோது, "அதுல கைய வைக்காதே அக்கா, அதெல்லாம் தனி வித்தை" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகவே எடுத்துக்கொண்டாள். தலைமுடியைவிட மெல்லிய கம்பி. மூச்சு விட்டால் அறுந்துவிடும். பக்கத்துத் தையல் கடையிலிருந்து ஒரு பழைய மெஷினை வாங்கிவந்து, நூல் சுற்றும் பாபினுக்குப் பதில் காயிலைப் பொருத்தினாள். இரண்டாயிரம் சுற்றில் அறுந்தது. மறுபடி ஒன்றிலிருந்து. நான்கு நாள். ஏழாயிரத்து அறுநூறு சுற்று. அடித்தட்டு வெடித்திருந்ததால் அதன் கீழே ஏதாவது கெட்டியான தாள் வேண்டியிருந்தது. அந்த வருடம்தான் கடைப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கையருகே எக்ஸ்ரே படம் கிடந்தது. அதில் ஒரு துண்டை வெட்டி அடியில் கொடுத்தாள்.

இப்போது காயிலை மெல்லத் தூக்கினாள். கீழே அந்தத் துண்டு இருந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாம்பல் நிறத்துக்குள் வெள்ளையாகக் கட்டைவிரல் எலும்பு, அதன் அடியில் கூழாங்கல் மாதிரி மணிக்கட்டின் சின்ன எலும்புகள்.

"யார் கையும் படலைன்னீங்களே" என்றாள். "இது யார் கை?"

தாடிக்காரர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

"அடடா, அது நீங்கதானா! நல்ல வேலைம்மா. எங்க ஆள்தான் கொண்டுவந்து குடுத்தான்."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சதைச் சொன்னா விலை பாதியாயிடும்மா. இந்தத் தொழில் அப்படி."

"செத்துக் கிடந்தப்ப இதுக்கு என்ன விலை?"

"அதான் சொல்ல வர்றேன். செத்த காயிலா இருந்தாலும் ஒரிஜினல்னா அதுக்கு ஒரு மதிப்பு. புதுசாச் சுத்தினா, எவ்வளவு நல்லாச் சுத்தினாலும், அது ரிப்பேர்."

ரிப்பேர் என்பதை அவர் ஏதோ தொற்றுநோயின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னார். அவளுடைய காது மடல் சூடானது. வாயில்லாமல் கிடந்ததை நான்கு நாள் கழுத்து வலிக்கப் பேசவைத்தவள் அவள். அந்தப் பேச்சைக் காட்டித்தான் இந்த மனிதர் காசு கேட்கிறார். ஆனால் பேசவைத்தவள் இருப்பது தெரிந்தால் சாமானுக்குக் கேடாம்!

தாடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு நெருக்கமாக உட்கார்ந்தார். "கோபப்படாதீங்க. தம்பிக்குக் கால் பங்கு குறைக்கிறேன். நீங்க ஒரு சின்ன உதவி பண்ணுங்க. அந்த மஞ்சள் நூலை எடுத்துட்டுப் பழைய கறுப்பு நூல் போடுங்க, இந்தப் படத்தை எடுத்துடுங்க. நாளைக்கு உங்க தம்பி விக்கிறப்போ அவரும் ஒரிஜினல்னே விக்கலாம். எனக்கும் மாசம் ரெண்டு மூணு இந்த மாதிரி வேலை வரும். நல்லாவே குடுப்பேன்."

"அதாவது, நான் வேலையும் செய்யணும், செய்யலைன்னு பொய்யும் நானே சொல்லணும்."

"பொய்யின்னு ஏன் சொல்றீங்க? பழைய மாதிரி ஆக்குறோம்."

"உள்ளதை உள்ளபடி எழுதி, பாதி விலைக்குக் குடுங்க. இப்பவே எடுத்துக்கிறோம்."

"பாதி விலைக்கு நான் ஏம்மா குடுக்கணும்? முழு விலைக்கு வாங்க வேற ஆள் இருக்காங்க. அவங்க திறந்து பார்க்க மாட்டாங்க."

அவள் எழுந்தாள். படத்துண்டை இருந்த இடத்திலேயே வைத்து, தகட்டை மூடி, ஸ்க்ரூக்களை ஒன்று விடாமல் முடுக்கினாள். கோபத்திலும் ஸ்க்ரூவைக் கோணலாக முடுக்க அவளுக்கு வராது. "என் வேலையை மறைச்சு விக்கிறவருக்கு என் கையால ஒரு நூல்கூடக் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். தம்பி பின்னாலேயே வந்தான், ஆனால் கடைசிப் படிவரை திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடந்தாள். பிறகு அவன் மெதுவாக, "நூல்தானே அக்கா" என்றான்.

"என்ன?"

"ஒரு நூலை மாத்துறதுக்கு இவ்வளவா? உள்ளே இருக்கிறது உன் காயில்னு தெரியாம இருந்திருந்தா நான் சந்தோஷமா வாங்கிட்டுப் போயிருப்பேன்."

அவள் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். "சத்தம் நல்லா இருந்துச்சா, இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்புறம் என்னடா?"

"அறுபது வருஷத்துச் சத்தம்னு நினைச்சேன்."

"அஞ்சு வருஷத்துச் சத்தம்டா அது! தையல் மெஷின்ல பொறந்தது. என் சத்தம்னு தெரிஞ்சதும் உனக்குக் கசந்துபோச்சா?"

பஸ் வந்தது. அவள் முன்பக்கம் ஏறினாள், அவன் பின்பக்கம். வியாபாரி பொய் சொன்னதில் ஆச்சரியமில்லை, அது அவர் பிழைப்பு. கூடப்பிறந்தவன் முகம் வாடியதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பதினோரு நாள் அவள் அவனோடு பேசவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவனே செய்தியோடு வந்தான். ஒரு பல் டாக்டர் அந்தக் கிட்டாரை முழு விலை கொடுத்து வாங்கிவிட்டாராம். கூட வாசிக்கிற டிரம்ஸ்காரர் பல் பிடுங்கப் போனபோது பார்த்தாராம். "அவர் பெயர், இடம் எல்லாம் எதுக்குக் கேக்குற? விட்டுடு அக்கா" என்றான். அவள் அந்த டிரம்ஸ்காரரிடமே நம்பர் கேட்டு, போனில் நேரம் வாங்கிவிட்டாள்.

டாக்டரின் காத்திருப்பு அறையில், மீன்தொட்டி இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு அந்தக் கிட்டாரை வைத்திருந்தார்கள். கீழே ஒரு சின்னத் தகடு: முற்றிலும் மாற்றப்படாதது. அவள் அந்தத் தகட்டை மூன்று முறை படித்தாள்.

உள்ளே சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, "வாயைத் திறங்கம்மா" என்றார் டாக்டர்.

"அதுக்குத்தான் டாக்டர் வந்திருக்கேன்" என்று எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் நூல், ஏழாயிரத்து அறுநூறு சுற்று, எக்ஸ்ரே. "நான் சொல்றதுல சந்தேகம் இருந்தா இப்பவே திறந்து பாருங்க. எக்ஸ்ரே பார்க்க உங்களைவிட நல்ல ஆள் கிடைக்காது."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். நல்ல மனிதர்தான், முகத்தில் சங்கடம் தெரிந்தது. "எனக்கு அவங்க சான்றிதழ் குடுத்திருக்காங்கம்மா. நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம். ஆனா அது எனக்குத் தெரியாம இருக்கிறதுதான் எனக்கு நல்லது. பத்து வருஷம் கழிச்சு விக்கிறதுக்காக வாங்கினது."

"நீங்க வாசிக்க மாட்டீங்களா?"

"தெரியாது."

"வேற யாராவது?"

"கம்பியெல்லாம் தளர்த்தி வெச்சிருக்கு. தொடறதே இல்லை."

ஏமாற்றியவர் அங்கே ஏசி அறையில் இருக்கிறார். ஏமாந்தவர், ஏமாந்தது தெரியாமல் இருக்கக் கெஞ்சுகிறார். நடுவே அந்தக் காயில் விளக்கு வெளிச்சத்தில் ஊமையாகக் கிடக்கிறது.

"டாக்டர், நீங்க பல் கட்டி அனுப்புறவங்க, இது டாக்டர் கட்டின பல்லுன்னு சொன்னா அவமானம்னு வெளியில மறைச்சுப் பேசினா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"பாதிப் பேர் அப்படித்தாம்மா சொல்றாங்க" என்றார் அவர் வருத்தத்தோடு.

அதற்கு மேல் அவளால் திட்ட முடியவில்லை. வந்ததற்கு வாயையாவது பாருங்கள் என்றாள். பார்த்தார். கடைவாய்ப் பல்லில் நிஜமாகவே சொத்தை இருந்தது. அடைத்துவிட்டார். "இனிமே இந்தப் பல்லு ரிப்பேர் கணக்குல சேருமா, ஒரிஜினல் கணக்குல சேருமா?" என்று கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்லக் காசை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

தகடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. தாடிக்காரர் இன்னும் விற்கிறார். நூல் மாற்றிக் கொடுக்க அவருக்கு யாராவது கிடைத்திருப்பார்கள். தம்பி கடைசியில் சாதாரணக் கடையொன்றில் யாரும் கேள்விப்படாத பெயருள்ள ஒரு புதுக் கிட்டார் வாங்கினான். வாங்கிய அன்றே அக்கா அதைப் பிடுங்கித் திறந்து, உள்ளே இருந்த காயிலைப் பார்த்து, "இதைச் சுத்தினவன் தூங்கிக்கிட்டே சுத்தியிருக்கான்" என்று சொல்லி, புதிதாகச் சுற்றிக் கொடுத்தாள். மேடையில் யாராவது சத்தத்தைப் புகழ்ந்தால் அவன் அக்காவின் கடையைக் கைகாட்டுகிறான். அதனால் இப்போது அவளிடம் மோட்டாரோடு கிட்டாரும் வருகிறது. பழையது வாங்கலாமா என்று ஆலோசனை கேட்டும் வருகிறார்கள். "வாசிக்கவா, பூட்டி வைக்கவா? அதை முதல்ல சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள்.

போன வாரம் மதியம் தம்பி கடைக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். மடியில் அவனுடைய கிட்டார். சும்மா தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லை. இது நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் அந்தப் பழசோட மரம் வேற அக்கா."

அவள் வார்னிஷ் டப்பாவை மூடிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டாள்.

"மரமா? எந்த மரம்டா? சொல்லு, இன்னைக்கு இதைப் பேசித் தீர்த்துடுவோம்."

பக்கத்துத் தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்.