சந்தனம் பட்டால் ஷாக் அடிக்குமா?

போன மாதம் கீழப்பழுவூரில் என் அக்கா மகளுக்கு வளைகாப்பு. செட்டிகுளத்திலிருந்து கட்டுச்சோறு, வளையல் எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். விசேஷம் முடிந்ததும் பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவருவதாக ஏற்பாடு.

வாசலில் சம்பந்தியம்மா, அக்கா வளர்மதியின் கன்னத்தில் சந்தனம் பூசக் கையை நீட்டினார். அக்கா என்ன செய்தாள்? வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்!

"எங்க வூட்டு சந்தனம் அவ்வளவு எளப்பமா போச்சா? மருமவ இங்கயே இருக்கட்டும். பிரசவத்த நாங்களே பாத்துக்கிறோம்" என்றுவிட்டார் சம்பந்தியம்மா.

அக்கா வாயே திறக்கவில்லை. பெண் இல்லாமலே திரும்பினோம். எனக்கு அக்கா மேல் அப்படி ஒரு கோபம்... வேனில் பிடித்துக் கேட்டேன். அழுதபடி வலது கன்னத்தைக் காட்டினாள் - விரல் படாமல்.

பல்வலி என்று ஏற்கெனவே இரண்டு பல்லைப் பிடுங்கியிருந்தாள். வலி போகவில்லை. காற்று பட்டால்கூட சுரீர் என்று கரண்ட் அடிக்குமாம். மறுநாளே பெரம்பலூரில் நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"பல்லுல ஒண்ணுமில்லீங்க" என்றார் அவர். பல், ஈறு, கன்னம் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய நரம்புதானாம். அதன் வேரை ஒரு ரத்தக்குழாய் அழுத்தி, மேலுறை தேய்ந்துவிட்டது. ஒயரில் பிளாஸ்டிக் உரிந்தால் என்ன ஆகும்? அதேதான். 'யாரோ மெல்லத் தொடுகிறார்கள்' என்ற செய்தி, பக்கத்தில் வலியைச் சுமக்கும் இழைக்குத் தாவிவிடுகிறது. மூளையும் அதை வலி என்றே நம்பிவிடுகிறது. பாவம், அதற்கு வேறு சாட்சி ஏது?

மருந்து இன்னும் விசித்திரம். வலி மாத்திரை இல்லை - வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை! காரணமில்லாமல் துடிக்கிற நரம்பை அது அடக்கிவைக்குமாம். சில நாட்களில் அக்கா நிம்மதியாக இட்லியை மென்று சாப்பிட்டாள். பார்த்த எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.

போன் போட்டு சம்பந்தியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று அவரே மருமகளைக் காரில் கூட்டிவந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சம்பந்தி?"

"வாயத் தொறந்தாலே வலி. எங்கேருந்து சொல்றது?" என்றாள் அக்கா.

சம்பந்தியம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"என் வாய் நல்லாத்தானே இருந்துச்சு... நானாச்சும் என்ன ஏதுன்னு கேட்டிருக்கணும்."