குதிகாலுக்கடியில் செய்தித்தாள்

ஆள்காட்டி விரல் முதலில் ஏறுகிறது. நடுவிரல் பின்னாலேயே போகிறது. கூடத்துச் சுவரில் வலது கையின் இரண்டு விரல்கள் நண்டு மாதிரி மேலே நகர்கின்றன. வயிறு, மார்பு, தோள். மோவாய்க்கு நேரே வந்ததும் முடிதிருத்துநர் பல்லைக் கடிக்கிறார். "இன்னும் ஒரு விரக்கடை," என்கிறார் சுவரிடம். கெஞ்சல் இல்லை, உத்தரவு.

காலையில் பத்து தடவை, மாலையில் பத்து. அதற்கு முன்னால் இடது கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலது கையைத் தொங்கவிட்டுச் சின்னச் சின்ன வட்டங்கள் போட வேண்டும். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் ஒரு படத்தாள் தந்திருக்கிறார். அதில் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு சிரிக்கிறான். இவருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. "வலியில்லாதவன் சிரிக்கிறான், சிரிச்சுட்டுப் போறான். ஆனா அவன் பின்னந்தலைய எவன் இப்படிக் கொதறி வச்சான்?" வலி கூடும் முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது. தேநீர்க் கோப்பையை அவர் சரியாக அந்த வரியின் மேல்தான் வைப்பார்.

தோள் இறுகி ஐந்து மாதமாகிறது. சலூனில் பெரிய கண்ணாடிக்கு நேரே உள்ள முதல் நாற்காலி இருபத்திரண்டு வருடமாக அவருடையது. இப்போதெல்லாம் யார் உட்கார்ந்தாலும் அதை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார். அதுவும் போதாமல், கொஞ்சம் சறுக்கி உட்காரச் சொல்கிறார். முடிவெட்ட வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போகிறார்கள்.

மனைவியின் தம்பிதான் கடையில் கூட்டாளி. ஒன்றாம் தேதி முதல் நாற்காலிக்குப் புது ஆள் வருகிறான் என்று போகிற போக்கில் சொன்னான். "நீங்க வாசல்ல உக்காந்து வர்றவங்கள விசாரிச்சா போதும் மாமா."

"வாசல்ல கிடக்க நான் என்ன செருப்பா, மாப்ள?"

அதோடு விடவில்லை. வாடிக்கையாளர்களிலேயே நெட்டையானவர் கணக்கு வாத்தியார். மாதக் கடைசியில்தான் வருவார். அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, நாற்காலியை இறக்காமல் உச்சந்தலையை வெட்டிக் காட்டுவதாகச் சவால் விட்டார். முடியாவிட்டால் வாசலுக்கே போய்விடுவாராம். வீட்டுக்கு வந்ததும் புருவ உயரத்தில் சுவரில் ஒரு கோடு இழுத்து 'வாத்தியார்' என்று எழுதிவைத்தார்.

விரல் எட்டிய உயரத்தை அன்றன்றைக்குப் பென்சிலால் குறிப்பது வழக்கம். முதல் வாரமே கோடுகள் தாவிக்குதித்து ஏறின. மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு அளவில் ஏமாற்று நடந்தால் மூக்கு வியர்த்துவிடும். சுவரை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தாள். மனிதர் நுனிக்காலில் நின்றுகொண்டிருந்தார்.

அன்றிலிருந்து அவர் குதிகாலுக்கடியில் ஒரு செய்தித்தாள். விரல்கள் உச்சத்துக்குப் போனதும் அவள் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தாளை இழுப்பாள். உருவிக்கொண்டு வந்துவிட்டால் அன்றைய கோடு செல்லாது.

"தாள் வந்துடுச்சு. அழிங்க."

"நீ யார் பக்கம்? உன் தம்பி பக்கமா?"

"நான் தாள் பக்கம்."

முணுமுணுத்துக்கொண்டே அழிப்பார். மறுநாள் மறுபடி சுவர். கோடுகள் இப்போது எறும்பு ஊர்கிற மாதிரி ஏறின. சில நாள் ஏறவே இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் படத்தாளில் சிரிக்கிறவனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் விரல்கள் வாத்தியார் கோட்டின் மேல் போய் நின்றன. அவள் தாளை இழுத்தாள். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். ஒரு மூலை கிழிந்து அவள் கையோடு வந்தது. மிச்சம் குதிகாலுக்கடியிலேயே இருந்தது. அவள் பென்சிலை எடுத்து நீட்டினாள்.

கடையில் கணக்கு வாத்தியார் பழக்கதோஷத்தில் உட்காரும்போதே சறுக்கினார்.

"நிமிந்து உக்காருங்க சார்."

மைத்துனன் வாசலில் கைகட்டி நின்றான். முடிதிருத்துநர் பெடலை மிதித்தார். நாற்காலி ஒரு அங்குலம் உயர்ந்தது. மறுபடி மிதித்தார். வாத்தியாரின் உச்சந்தலை எப்போதும் இருக்க வேண்டிய உயரத்துக்கு வந்து நின்றது. சீப்பை வலது கையில் எடுத்துக்கொண்டவர், மைத்துனனைப் பார்த்தபடியே இன்னொரு மிதி மிதித்தார்.