நான் சேர்த்த நரகம்

எங்கள் ஐயர் சொல்லாத நரகத்தை அவர் சொன்னதாக நான் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு தடவை என்றால் மறந்தாவது போயிருப்பேன். தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சொன்னேன்.

ஐயர் என்பது எங்கள் கிறிஸ்தவ சபையில் போதகரைக் கூப்பிடும் பெயர். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில், கொல்லிமலை எதிரே தெரிகிற ஒரு சிற்றூரில் அப்போது இருந்தோம். அப்பா அங்கே மிஷன் மருந்துச்சாலையில் கம்பவுண்டர். மருந்துப் புட்டியின் பக்கத்தில், குடிக்கும் அளவு தெரிய, வேளைக்கு ஒரு பல்லாகக் காகிதத்தை வெட்டி ஒட்டுவார். ஒரு பல் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாலும் பிய்த்துப் போட்டுவிட்டு வேறு வெட்டுவார். உபதேசத்தையும் அவர் அப்படித்தான் பார்த்தார். ஒரு சொட்டு கூடினாலும் அது மருந்தில்லை, ஒரு சொட்டு குறைந்தாலும் மருந்தில்லை.

புது ஐயர் பெங்களூரில் வேதசாஸ்திரம் படித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவர். முப்பது வயது ஆகவில்லை. கண்ணாடி, சைக்கிள், ஓயாமல் கிணறு தோண்டுவதைப் பற்றிய பேச்சு. அவர் மனைவி ஐயரம்மா ஆர்மோனியம் வாசிப்பார். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் நான்காம் வகுப்போடு முடிந்துவிடும். என்னை அடுத்த ஜூன் மாதம் சேலத்தில் போர்டிங் பள்ளியில் சேர்ப்பதற்காக ஐயரம்மா தினமும் சாயங்காலம் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவர் வீட்டில் பூகோளப் படம் ஒன்று சுவரில் தொங்கியது. அதில் நீலமாக இருப்பதெல்லாம் தண்ணீர் என்று தெரிந்த அன்று நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷம்.

வந்த புதிதில் ஒருநாள் ஐயரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அம்மா மீன்குழம்பு வைத்திருந்தாள். அது அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று.

"ஏனுங்க ஐயரே, வேதத்துல யோனா தீர்க்கதரிசிய முழுங்குச்சே ஒரு மீனு, அது நெசமான மீனுதானுங்களே?"

ஐயர் முள்ளை எடுத்துக்கொண்டே சிரித்தார். "மீனைப் பத்தி நிறையப் பேசியாச்சு கம்பவுண்டர். இனி யோனாவைப் பத்திப் பேசுவோமே."

அந்தச் சிரிப்பு அப்பாவின் நிம்மதியைக் கெடுத்தது. கேட்ட கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாத போதகரை அவர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஆனால் பிரசங்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவருக்கு வழியில்லை. ஞாயிறு காலையில் அவர் நான்கு மைல் நடந்து, மலையடிவாரப் புன்செய்க் காட்டில் இருந்த கூலிக்காரக் கிறிஸ்தவர்களுக்கு ஜெபக்கூட்டம் நடத்தப் போய்விடுவார். அம்மாவோ கைக்குழந்தை அழுதால் கோயிலை விட்டு எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடுவாள். பாதி பிரசங்கம் கேட்டவள் சாட்சி செல்லாது என்று அப்பா தீர்மானித்தார். மிச்சம் இருந்தது நான்.

"ஐயர் என்ன வசனம் எடுத்தாரு, அதுல மூணு தலைப்பு என்னென்ன, சிலேட்டுல எழுதிக்கிட்டு வா கண்ணு. உன்ர சொந்தச் சரக்கு ஒண்ணும் வேண்டாம்."

முதல் வாரம் ஒழுங்காக எழுதிக்கொண்டு போனேன். ஐயர் யோனாவையே எடுத்திருந்தார். ஓடினான், கடவுள் விடவில்லை, நாமும் ஓடுகிறோம். மூன்று தலைப்பு. "மீன் எவ்வளவு பெரிது என்பது முக்கியமல்ல" என்று அவர் நடுவில் சொன்னதையும் கீழே எழுதியிருந்தேன். எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் அப்போது நேர்மையான பிள்ளை.

அப்பா சிலேட்டை இரண்டு தடவை படித்தார். "நரகம்னு ஒரு வார்த்தை?"

"இல்லீங்கப்பா."

"மனந்திரும்புதல்?"

"கெணறுன்னு சொன்னாருங்க."

அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சேலத்திலிருக்கும் துரைக்கு எழுதும் நல்ல காகிதத்தை எடுத்தார். சபைகளை மேற்பார்வை பார்த்த வெள்ளைக்கார துரை நினைத்தால் ஐயரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்.

"ஏனுங்க, ஒரு நாலு வாரம் பாத்துட்டு எழுதறது," என்றாள் அம்மா.

"எங்கப்பன் ஞானஸ்நானம் எடுத்தப்ப பங்காளிக ஒருத்தன் ஊட்டுலயும் தண்ணி தரலை. காட்டுல பங்கு தரலை. அத்தனையும் உட்டுப்போட்டு வந்தது கெணறு வெட்டற புத்தி கேக்கறதுக்கா? கெணறு வெட்டச் சொல்ல நம்மூர் மணியக்காரர் போதுமே!"

ஆனாலும் அம்மா சொன்னபடி நான்கு வாரம் தவணை கொடுத்தார். காகிதம் வேதப்புத்தகத்துக்குள் போயிற்று. ஐயர் போனால் ஐயரம்மாவும் போவார், பூகோளப் படமும் போகும், சேலமும் போகும். இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் விட்டதும் மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் இருக்கச் சிலேட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் சிலேட்டில் ஒன்றுமில்லை. என் நெற்றியில்தான் கொஞ்சம் பலப்ப வெள்ளை வழிந்திருந்தது. அப்பா வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஞாபகத்தில் இருந்ததைத் திரும்ப எழுதினேன். மூன்றாவது தலைப்பு மட்டும் வரவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு "நரகம்" என்று எழுதினேன்.

அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்படிச் சொல்லு! நெருப்பப் பத்திச் சொன்னாரா?"

"சொன்னாருங்க."

"அவியாத நெருப்பு?"

"அவியவே அவியாதுன்னாருங்க."

அன்று அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பரிமாறிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

அதற்கடுத்த வாரம் மழை இல்லை, சாக்கும் இல்லை. இருந்தாலும் ஐயர் சொன்ன நல்ல சமாரியன் கதைக்குப் பின்னால், நரகத்தில் அரிக்கும் ஒரு சாகாத புழுவைச் சேர்த்தேன். மூன்றாவது வாரத்துக்குள் பொய் சொன்ன பயம் என்னைப் பிடித்துக்கொண்டது. நரகத்தை எழுதும்போதெல்லாம் அங்கே எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படுவது தெரிந்தது. அந்த இடம் எப்படி இருக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த மிகப் பெரிய கொடுமை ஒன்றுதான். மாதம் ஒருமுறை அப்பா மருந்துச்சாலையிலிருந்து கொண்டுவந்து மூக்கைப் பிடித்து ஊற்றும் விளக்கெண்ணெய். எனவே, "பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு கொப்பரை நிறையக் கொதிக்கிற விளக்கெண்ணெய்" என்று எழுதினேன். எழுதும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா இதைப் படித்துவிட்டு வெகுநேரம் தலையாட்டினார். "பெங்களூர்ல படிச்சாலும் நம்ம காட்டுச் சனத்துக்குத் தகுந்த உவமையாச் சொல்றாரு பாரு. நாந்தான் அவசரப்பட்டுட்டன்."

நான்காவது வாரம் ஐயர் தாமே வீட்டுக்கு வந்தார். காலை ஆராதனையை இன்று விடியும்போதே முடித்துவிட்டேன், உங்களோடு மலையடிவாரத்துக்கு நானும் வருகிறேன் என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் வரச் சொன்னார். ஐயரின் சைக்கிள் பின்னால் நான் உட்கார்ந்துகொள்ள, இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வழி நெடுக ஆமணக்குக் காடு.

புளியமரத்தடியில் இருபது பேர் இருந்தார்கள். ஐயரைப் பேசச் சொல்வார் என்று நினைத்தேன். அப்பாவோ ஐயருக்கு மரியாதை செய்ய ஆசைப்பட்டுத் தாமே எழுந்தார்.

"போன மூணு வாரமா நம்ம ஐயர் கோயில்ல பிரசங்கம் பண்ணினாரு. நீங்க கேக்கக் குடுத்து வெக்கலை. அதையே சொல்றேன், கேட்டுக்கங்க."

சொன்னார். நெருப்பு வந்தது. புழு வந்தது. ஐயர் குனிந்திருந்த தலையை நிமிர்த்தினார். கொப்பரை வந்தது. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்தார். நான் புளியமரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

அப்பா உட்கார்ந்ததும் முன்வரிசைக் கிழவி ஒருத்தி கை எடுத்துக் கும்பிட்டாள். ஆயுசு முழுக்க ஆமணக்குக் கொட்டை உடைத்தவள். "சாமி, ஒரு சந்தேகமுங்க. அத்தன எண்ணெ காச்சறாங்கன்னா, அங்கயும் ஆமணக்கு வெளையுமுங்களா?"

எல்லோரும் ஐயரைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தொலைந்தேன்.

ஐயர் எழுந்தார். "நரகம் உண்டுன்னு கம்பவுண்டர் சொன்னது வேதத்தில இருக்கும்மா. இவ்வளவு தைரியமா நான் சொன்னதில்லை. அங்கே என்ன எண்ணெய்ன்னு வேதத்தில போடலை. ஆனா ஆமணக்குச் செடி வேதத்தில இருக்கு, தெரியுமா?"

"அட, நம்ம ஆமணக்கா?"

"நம்ம ஆமணக்கேதான்."

பிறகு யோனாவின் கடைசிப் பகுதியைச் சொன்னார். மீனிடமிருந்து தப்பிய யோனா தான் போய் எச்சரித்த ஊர் அழியவில்லையே என்று கோபித்துக்கொண்டு வெயிலில் போய் உட்கார்ந்தது, நிழலுக்குக் கடவுள் ஓர் ஆமணக்கை முளைக்கவைத்தது, பூச்சி அரித்து அது காய்ந்ததும் யோனா செத்துப்போகிறேன் என்று அடம் பிடித்தது. பூச்சி என்றதும் ஆட்கள் "ஆமாங்க, ஒரே ராத்திரியில மொட்டையாக்கிப் போடும்" என்றார்கள். ஒரு செடிக்காக இத்தனை அழுகிறாயே, ஓர் ஊர்ச் சனத்துக்காக நான் இரங்கக் கூடாதா என்று கடவுள் கேட்டதை ஐயர் சொல்லிவிட்டு உட்கார்ந்தபோது, கிழவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அப்பா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஐயரின் பிரசங்கத்தை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

வந்த வழியே திரும்பினோம். பாதி வழியில் அப்பா கேட்டார்.

"மீனு நெசமுங்களா, ஐயரே? சிரிக்காம சொல்லுங்க."

"நிஜமில்லைன்னு நான் எங்கேயும் சொல்லலை. மீனை அளந்துக்கிட்டே இருந்தா இந்த ஆமணக்குக்கு வந்து சேரவே மாட்டேங்கிறோம். அதான் என் வருத்தம்."

"நரகம்?"

ஐயர் சைக்கிளை நிறுத்தினார். "நம்பறேன் கம்பவுண்டர். நம்பறதாலதான் வாயில வரமாட்டேங்குது. எதிரே உட்கார்ந்திருக்கிறவங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு அதைச் சொல்ல எனக்கு நடுங்குது."

அப்பா சைக்கிளை மறுபடி தள்ளத் தொடங்கினார். "நடுங்கட்டுமுங்க. நடுங்கிக்கிட்டே சொல்லுங்க."

"சரி."

"அப்போ அந்த வெளக்கெண்ணெக் கொப்பரை?"

"அது என் சரக்கு இல்லையே."

இருவரும் ஒரே நேரத்தில் திரும்பி, சைக்கிள் மேல் இருந்த என்னைப் பார்த்தார்கள். அப்பாவின் மீசை துடித்தது. அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. "அது எங்க ஊட்டு மருந்துங்க, ஐயரே!"

தண்டனை இல்லாமல் இல்லை. மறுநாள் காலை வெறும் வயிற்றில் ஓர் அவுன்ஸ். அளவு குறையாமல் ஊற்றினார்.

அந்த வாரமே அடிவாரக் கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டு, காலையில் கோயிலில் முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்தார். துரைக்கு எழுத வைத்திருந்த காகிதத்தில் காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை மடித்தார். ஐயர் வாக்குக் கொடுத்தபடி ஒரு ஞாயிறு நரகத்தைப் பற்றிப் பேசினார். நிஜமாகவே குரல் நடுங்கியது. என் சிலேட்டு நரகத்தைப் படித்துத் தலையாட்டிய அப்பா, அன்று தலையை நிமிர்த்தவே இல்லை. ஜூன் மாதம் நான் சேலம் போனேன். பெட்டியைக் கட்டும்போதுதான் அம்மா சொன்னாள், வேப்பமரத்துக்கு நேரே கோயில் ஜன்னல், உள்ளே சொன்னதெல்லாம் நன்றாகவே கேட்டது என்று. "நீ படிக்கோணும்னு இருந்துட்டன்," என்றாள்.

இப்போது அம்மாபேட்டையில் இருக்கிறோம். சபைகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, ஆராதனை முறையே மாறப்போகிறது என்கிறார்கள். என் மகளுக்கு ஏழு வயது. ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியில் படம் காட்டுகிறார்கள், கைதட்டிப் பாடுகிறார்கள். சிலுவையைப் பற்றிச் சொல்கிறார்களா என்று எனக்குக் கவலை. கவலைப்படுவது சரியா என்று அதற்கும் ஒரு கவலை. வாரம் தவறாமல் அவளைக் கேட்கிறேன். போன ஞாயிறு அவள் அழகாக, தடங்கலில்லாமல், நான் ஆசைப்பட்டதையெல்லாம் ஒப்பித்தாள். நிம்மதியாகச் சோறு வடிக்கப் போனேன். பாதி வடித்துக்கொண்டிருக்கும்போது நினைவு வந்தது. அவை முந்தின இரவு குடும்ப ஜெபத்தில் நான் சொன்ன வார்த்தைகள்.

அவியாத நெருப்பும் சாகாத புழுவும் எனக்கு எங்கிருந்து கிடைத்தன என்று ஒன்பது வயதில் நான் யோசித்ததே இல்லை. அவை அப்பா ராத்திரி ஜெபத்தில் தினமும் சொன்னவை. ஐயர் சத்தியத்தில் நிற்கிறார் என்று அப்பா பூரித்துப் போனாரே, அந்த மூன்று வாரமும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது தம்முடைய குரலைத்தான். அதில் விளக்கெண்ணெய் மட்டுமே என்னுடையது.