விடை பூஜ்யம்

நான்காம் வகுப்பில் எனக்குக் கணக்கு நன்றாக வரும். அது ஊருக்கே தெரியவேண்டும் என்ற கொழுப்பும் நன்றாகவே இருந்தது.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு டீச்சர் ஒரு புதுமை செய்தார். புத்தகத்து ஆப்பிள், ஆரஞ்சுக் கணக்கெல்லாம் வேண்டாம். அவரவர் அப்பா அம்மா செய்யும் வேலையை வைத்து ஒரு கணக்கு எழுதிவந்து எல்லோர் முன்னாலும் கேட்கவேண்டும் என்றார். கொத்தனார் மகன் செங்கல் கணக்கு எழுதினான். கேன்டீன்காரர் மகள் இட்லியில் எழுதினாள். என் அம்மா ஒரகடத்தில், செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் லைனில் வேலை பார்த்தாள். நான் அதை வைத்து எழுதினேன்.

"லைனில் நிமிடத்துக்கு இரண்டு சார்ஜர் வரும். என் அம்மா பாத்ரூம் போய்வர ஆறு நிமிடம் ஆகும். திரும்பி வரும்போது எத்தனை சார்ஜர் தேங்கியிருக்கும்?"

டீச்சர் 'பாத்ரூம்' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினார். பிறகு சரி என்று டிக் போட்டுவிட்டார்.

கூட்டத்துக்கு அம்மா ஷிப்ட் முடிந்து, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவளோடு ஒரே வேனில் போய் ஒரே லைனில் உட்காரும் அக்காக்களும் தங்கள் பிள்ளைகளுக்காக வந்திருந்தார்கள். அந்த லைனின் சூப்பர்வைசர் முதல் வரிசையில் இருந்தார். அவர் மகளும் என் வகுப்புதான்.

நான் கணக்கைக் கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே, "பன்னெண்டு!" என்று கத்தியது.

"தப்பு. பூஜ்யம்," என்றேன். டீச்சர் முழித்தார். இதற்காகத்தானே காத்திருந்தேன்! "எங்கம்மா பாத்ரூமே போவ மாட்டாங்க மிஸ். வேலையில தண்ணியே குடிக்க மாட்டாங்க. எடுத்துகினு போற பாட்டில் அப்டியே திரும்பி வரும்."

சொன்னது உண்மைதான். அந்தப் பாட்டில் தண்ணீரைச் சாயங்காலம் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவது என் வேலை.

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்பாக்களும் சிரித்தார்கள். வேன் அக்காக்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா குனிந்த தலை நிமிராமல் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். சபையில் பாத்ரூம் பேச்சு பேசிவிட்டேனோ என்று எனக்குக் காதெல்லாம் சூடேறியது. நல்லவேளை, சூப்பர்வைசர் கைதட்டினார். "இந்த மாதிரி ஆளுங்கதாம்மா லைனுக்கு வேணும்," என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா, "வூட்டுல பாக்கறதெல்லாம் ஏன்டி அங்க சொன்ன?" என்றாள்.

"நல்லாத்தானம்மா சொன்னேன். சாரே கைதட்னாரு."

அம்மா நடையை எட்டிப் போட்டாள்.

இரண்டொரு நாளில், அம்மா என் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எவ பாத்ரூமுக்கு எழுந்தாலும் அந்த சூப்பர்வைசரு, 'அந்தம்மா போறாங்களா பாரு, அவங்களால முடியுதில்ல'ன்னு என்னியே கைகாட்றான்யா. அதுங்க முன்னால நான் எங்க மூஞ்சிய வெச்சிக்கிறது?" எனக்கு அது அம்மாவைப் பற்றிய பாராட்டாகத்தான் கேட்டது. பள்ளிக்கூடத்தில்கூட அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

காலையில் வேன் நிற்கும் இடம்வரை நானும் அம்மாவோடு போவேன். வேனில் முதலில் ஏறுகிறவர் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து, கூட்டாளிக்கு இடம் பிடிப்பது அவர்கள் வழக்கம். பக்கத்துத் தெரு அக்கா எப்போதும் அம்மாவுக்காகப் பை வைத்திருப்பாள்; அம்மா ஏறியதும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த வாரமே ஒரு நாள் காலை அம்மா ஏறினாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பை சீட்டிலேயே இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மா, கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நான் கீழே நின்றபடி, "அம்மா, சீட்டு காலியாத்தான் கீது, குந்தும்மா!" என்று கத்தினேன். வேன் முழுக்கக் கேட்டிருக்கும். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வேன் கிளம்பிவிட்டது. ஒரு பையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்காரக்கூட அம்மாவுக்குத் தெரியவில்லையே என்று, அவளுக்காக வெட்கப்பட்டுக்கொண்டே நான் பள்ளிக்கூடம் போனேன்.