எருமைப் பாணிச் சண்டைக்காரி

போன வாரம் அண்ணன் மகள் ஷர்மிளா ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து என் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி, கற்பனை உலகம் ஒன்றில் ஆளுக்கொரு வேடம் எடுத்து விளையாடுவார்களே, அந்த விளையாட்டின் விதிப் புத்தகம். வெறுங்கையால் சண்டை போடும் துறவி வேடம் எடுப்பவர்கள் அதில் ஏதாவது ஒரு மிருகத்தின் பாணியைத் தேர்ந்துகொள்ளலாமாம். "அத்தை, புலியா, கொக்கா? சீக்கிரம் சொல்லுங்க லா," என்றாள், எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு லாவை ஒட்டி. நான் பக்கத்தை முகர்ந்து பார்த்தேன். புது மை வாசனை. எங்களுடைய புத்தகத்துக்கு இந்த வாசனை இருந்ததில்லை.

எங்களுடையது ஃபோட்டோஸ்டேட். எண்பதுகளின் நடுவில் பிரான்சிஸ் எங்கிருந்தோ இரவல் வாங்கிப் பிரதி எடுத்தது. ஓரத்து வரிகள் எல்லாம் கறுப்பாகிப் போயிருக்கும். படிக்க முடியாத விதிகளை அவனே சொந்தமாகச் சொல்லிவிடுவான், நாங்கள் நம்பிவிடுவோம். விதவிதமான பகடைகள் வாங்க வழியில்லாததால், எண் எழுதிய அட்டைத் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். டின்னில் வெண்ணெய் பிஸ்கட் வாசம் போகவே இல்லை. அதனால் எந்த ராட்சசனோடு மோதினாலும் எனக்கு முதலில் பசிதான் எடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் கூடுவோம். பிரான்சிஸ்தான் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துபவன். அவனோடு பாலிடெக்னிக்கில் படித்த சீனப் பையன் பூன் இன்னொருவன். பூனுக்குக் கோயிலும் கிடையாது, தமிழும் கிடையாது. எங்கள் பேச்சைக் கேட்டே பாதி புரிந்துகொள்வான். மூன்றாவது ஆள் நான். வாரநாளில் ஒரு கப்பல் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். என் குரலைக் கேட்டவர்கள் நேரில் வந்தால், எனக்குப் பின்னால் வேறு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் நல்ல கறுப்பு, நல்ல உயரம், அதற்கேற்ற அகலம்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பெயர் எருமை. வீட்டிலும் அதுதான். "எரும, வழிய விடு," என்று அம்மா ஒரு நாளைக்குப் பல தடவை சொல்வார். செல்லமா வசவா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. எந்தப் பவுடர் பூசினால் நிறம் மாறும் என்று தேக்கா வட்டாரத்தில் கடைகடையாய் விசாரித்ததும் அதே அம்மாதான்.

ஒரு ஞாயிறு பிரான்சிஸ் சொன்னான், துறவி வேடம் வேண்டுமானால் எடுக்கலாம் என்று. புலி, கொக்கு, பாம்பு, குரங்கு, இந்த நான்கில் ஒன்று. பூன் உடனே புலியைப் பிடித்துக்கொண்டான். என்னிடம், "நீ கொக்கு எடுத்துக்க. பொண்ணுக்கு நல்லா இருக்கும்," என்றான் பிரான்சிஸ்.

"எனக்கு எரும வேணும்."

இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் பிரான்சிஸ் குரலை இறக்கினான். "எரும சண்ட போடுமா? சும்மா நிக்கும்."

"அதான் அதோட சண்ட. புலி பாய்ஞ்சிட்டு ஓடிடும். எரும நின்னா நின்னதுதான்."

"புக்ல இல்லயே."

"புக்ல பாதி நீ எழுதுனதுதானே? இதையும் எழுது."

பூன்தான் எனக்குக் கைகொடுத்தான். அவனுடைய மாமா ஒருவர் ஜொகூர் தோட்டத்தில் இருந்தாராம். எருமைகள் கன்றுகளை நடுவில் விட்டு, கொம்பை வெளியே நீட்டி வட்டமாக நின்றால் புலி சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுமாம். "டைகர் ஆல்சோ ஸ்கேர்ட், லா," என்றான், தானே புலி என்பதை மறந்து.

அன்று பிற்பகல் முழுக்கச் சண்டை போட்டு விதிகளை எழுதினோம். எருமைப் பாணிக்காரி முதல் அடி அடிக்க மாட்டாள். அவள் நின்ற இடத்திலிருந்து அவளை யாரும் தள்ள முடியாது. சேற்றில் அவள் வேகம் குறையாது. அவளுக்குப் பின்னால் நிற்பவர்களைத் தொட வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் தொட வேண்டும். வேடத்துக்குக் கெர்பாவ் என்று பெயர் வைத்தேன். மலாயில் எருமை. எங்கள் தேக்காவில் எருமை பெயரில் ஒரு தெருவே இருக்கிறது. பக்கத்து வட்டாரத்தின் மலாய்ப் பெயருக்கு அர்த்தமே எருமைக் கொட்டில்தான். ஊரில் பாதிப் பேர் அங்கே இருக்கிற பிரசவ ஆஸ்பத்திரியில்தான் பிறந்தோம். இதில் நான் மட்டும் எருமையா?

சில மாதங்கள் கெர்பாவ் நன்றாகவே வாழ்ந்தாள். பிறகு அந்தப் பாலம் வந்தது. ஊர் சனம் பாலத்தைக் கடந்து தப்பிக்க வேண்டும், பின்னால் ராட்சசர்கள் துரத்துகிறார்கள். பூனின் புலி பாய்ந்தது, விழுந்தது. பாலத்தின் வாயில் கெர்பாவ் மட்டும். டின்னில் கைவிட்டால் ஒன்றும் இரண்டுமாகத்தான் வந்தது.

"ஓடிடு. இன்னும் சான்ஸ் இருக்கு," என்றான் பிரான்சிஸ். அவன் குரல் உண்மையிலேயே கெஞ்சியது.

"கடைசி ஆள் தாண்டிட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நகர மாட்டா."

கடைசிக் கிழவர் அக்கரை சேர்ந்தபோது கெர்பாவுக்கு உயிர் இல்லை. செத்தாலும் அவளைத் தள்ள முடியாது, நின்றபடியே இருக்கிறாள் என்று பிரான்சிஸ் தீர்ப்புச் சொன்னான். பூன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் சகாயம் அங்கிள் கதவைத் திறந்தார்.

கோயில் கமிட்டியில் முக்கியமானவர். பிசாசு, ராட்சசன், சூதாட்டம், பையன்களோடு ஒரு பெண் என்று அவர் காதுக்குப் போயிருந்தது. நேராக மேசைக்கு வந்து, "எல்லாத்தையும் குடு, எரிக்கணும்," என்றார். பிரான்சிஸ் எழுந்து நின்றுவிட்டான். அவனுடைய அப்பாவும் கமிட்டியில் இருந்தார். நான் மேசைக்கும் அங்கிளுக்கும் நடுவில் போய் நின்றேன். எப்படிப் போனேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"தள்ளு. எரும மாதிரி நிக்கிற!"

பையன்கள் இருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமா அங்கிள், எருமதான்," என்றேன். "இதுல காசு வைக்கல, பிசாசக் கும்பிடல. ஒரு ஊரக் காப்பாத்திக்கிட்டு இருந்தோம். வேணும்னா உட்காருங்க, விளையாடிக் காட்டுறோம். பேப்பர மட்டும் தர மாட்டேன்."

அவர் உட்காரவில்லை. என்னைத் தொட்டுத் தள்ளவும் அவரால் முடியவில்லை. "ஒங்கம்மாகிட்ட பேசிக்கிறேன்," என்று போனார். பேசவும் செய்தார்.

"பெரிய மனுஷர எதிர்த்து நின்னியாமே?" என்று அம்மா கேட்டார்.

"நின்னேன். எருமன்னாரு, ஆமான்னேன்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். கை அப்படியே தண்ணீரில் நின்றது. பிறகு, "சாப்பிட வா," என்றார். அதற்கப்புறம் அவர் என்னை அந்தப் பெயரில் அழைத்ததில்லை. அழைத்திருந்தால் கோபம் வந்திருக்காது, ஆனால் அழைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அறைக்குப் புதுப் பூட்டு. நாங்கள் ஃபேரர் பார்க்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்தோம். அங்கே சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசை ஒன்று இருந்தது. போகிற வருகிற எல்லார் கண்ணிலும் படும்படி, வேண்டுமென்றே, உரத்த குரலில் விளையாடினோம். சந்தைப் பையோடு போகும் அக்காமார்கள் நின்று, "இன்னைக்கு யாரு செத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் லிஃப்டுக்குப் போவார்கள். பிரான்சிஸ் கட்டாய ராணுவ சேவைக்குப் போகும்வரை அது நடந்தது. அப்புறம் அவன் பெர்த்தில் குடியேறினான். பூன் கல்யாணம் செய்துகொண்டு ஜூரோங் பக்கம் போனான். கோயிலுக்குப் பின்னால் இப்போது கார்கள் நிற்கின்றன.

கல்மேசை மட்டும் நெடுநாள் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் ஒரு காலையில் இறங்கி வந்தால் அதுவும் இல்லை. தரையில் புது சிமெண்டு வட்டம், இன்னும் ஈரமாக. பக்கத்தில் நின்ற பராமரிப்பு ஆளிடம் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் யூஸ் பண்றதில்ல மேடம்."

"நாங்க பண்ணோம்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு கைப்பேசியைப் பார்த்தார். நான் நகரவில்லை. அவர் நிமிரும்வரை காத்திருந்து இன்னொரு தடவை சொன்னேன்.

"நாங்க பண்ணோம்."