அரங்குக்குள் மட்டும் கேட்ட குரல்

மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் என் கணவர் கொற்கைத் துறைமுகத்தின் படைத்தலைவர். எழுந்துவிட்டால், "ஏளா, துண்டு எங்கன?" என்று கேட்கிற ஆள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வருகின்றன என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருநெல்வேலி டவுனில் எங்கள் வீடு. அவர் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். பார்வை இல்லாதவர்களுக்குக் கதைகளைக் கேசட்டில் பதிந்து அனுப்பும் சிறிய சங்கம் ஒன்று பாளையங்கோட்டையில் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் இவர் பேசியதைக் கேட்டுவிட்டு, "சார், எங்களுக்கு வாசிச்சுக் குடுங்க" என்று வீடு தேடி வந்துவிட்டார்கள். பாடப் புத்தகமும் பக்திப் புத்தகமும் அவர்களிடம் நிறைய இருந்தன. கேட்டவர்களுக்கு வேண்டியிருந்ததோ சரித்திரக் கதை. குதிரை வர வேண்டும், கோட்டை வர வேண்டும், நடுநடுவே காதல் வர வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் நெல்லும் பித்தளைப் பாத்திரமும் வைக்கிற ஜன்னல் இல்லாத உள்ளறைக்கு அரங்கு என்று பெயர். நெல் மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பதிவு நடக்கும். வாசலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிடுவேன். மின்விசிறி கிடையாது. பிள்ளைகள் வாயைத் திறக்கக் கூடாது. குக்கர் விசில் அடித்துவிட்டால் அன்றைக்கு எனக்கு அர்ச்சனைதான். காலையில் குறுக்குத்துறை ஆற்றில் குளித்துவிட்டு வந்து, பனங்கற்கண்டு போட்ட பாலைக் குடித்துவிட்டு உட்காருவார். சிவப்புப் பொத்தானை அமுக்குவது என் வேலை. கேசட் பக்கம் மாற்றுவது, விசிறியால் அவருக்கு மட்டும் சத்தமில்லாமல் வீசுவது, எல்லாம் என் வேலை.

முதலில் வாசித்த கதையை நான் முன்பே படித்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்பு, வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது. உள்ளதைச் சொன்னால் சுமாரான கதை. கொற்கைப் படைத்தலைவன் ஒருவன் குறுநில மன்னனின் மகளைக் காதலிப்பான். பக்கத்துக்குப் பக்கம் அவளைத் தனியே விட்டுவிட்டுச் சண்டைக்குப் போய்விடுவான். அப்போதே எனக்கு அவன்மேல் எரிச்சல். இவன் எதற்குக் காதலிக்கிறான், கப்பலையே கட்டிக்கொள்ள வேண்டியதுதானே என்று பத்திரிகையைத் தூக்கிப் போட்டிருக்கிறேன்.

அதே படைத்தலைவன் என் கணவர் குரலில் வந்தபோது என் எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. "போய் வருகிறேன்" என்று அவர் சொன்னால், அந்த "வருகிறேன்" என்பதை அவ்வளவு பைய, அவ்வளவு கனத்தோடு சொல்வார். இவனுக்காக எத்தனை வருஷமும் காத்திருக்கலாம் என்று தோன்றிவிடும். குரல் செய்கிற வேலை அது. இதே சங்கத்துக்கு ரிடையரான அதிகாரி ஒருவரும் வாசித்துக் கொடுத்தார். அவர் கேசட்டில் நாயகன் நாயகியின் கையைப் பிடிக்கிற கட்டம் தீர்வை பாக்கிக்கு நோட்டீஸ் வந்ததுபோல இருக்கும். அதைக் கேட்டவர்கள் கதையையே குறை சொன்னார்கள், பாவம் எழுதினவர்.

விசிறிக்கொண்டிருந்த எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அந்தக் குரலில் ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, என்னைப் பார்த்து வர வேண்டும். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூடப் போதும். பதிவு முடிந்து ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு அவர் வெளியே வருகிற அந்த நிமிஷத்தில், குரலில் கொஞ்சம் மிச்சம் இருக்காதா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பேன். இருக்காது. "பால் ஆடை தொண்டையில அடைக்கி. வடிகட்ட மாட்டியா?" என்பார். வடிகட்டித்தான் கொடுத்திருப்பேன்.

அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. குடி கிடையாது, கை நீட்டியதில்லை. பேச மாட்டார், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் விட்டு வருவார். "வந்தாச்சா? சாப்பிடுதியளா?" என்று கேட்பேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பேப்பரை எடுப்பார். பதிலே வராது. சில ஆண்களுக்குக் காது மந்தம், மனசிலே ஒன்றும் ஏறுவதில்லை என்று நானே ஒரு சமாதானம் செய்துகொண்டு, அந்தச் சமாதானத்திலேயே வருஷங்களை ஓட்டினேன்.

இரண்டாவது கதையின்போது சங்கத்தில், பெண் பாத்திரத்தைப் பெண்ணே பேசினால் நன்றாயிருக்குமே என்றார்கள். வெளியாளைக் கூப்பிட்டு அரங்குக்குள் உட்கார வைக்க முடியுமா? "நீயே படி" என்றார். அன்றைக்கு நல்ல புடவை கட்டிக்கொண்டேன். கேசட்டில் புடவை தெரியாது என்று எனக்கும் தெரியும்.

இளவரசி கேட்க வேண்டும்: "என்னை மறந்துவிட்டீர்களோ?" கேட்டேன். எதிரே ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அவர் சொன்னார்: "உன்னை நினைக்க எனக்கு நேரம் தேவையில்லை. நீ என் மூச்சோடு இருக்கிறாய்." புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அந்தக் குரல் என் முகத்தில் வந்து பட்டது. எனக்கு அடுத்த வரி எங்கே என்று தெரியவில்லை. எழுத்தெல்லாம் கலங்கிக் கிடந்தது. கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது.

பொத்தானை அவரே அமுக்கி நிறுத்தினார். "என்ன முழிக்கே? அடுத்த வரியப் படி."

இரண்டாம் தடவையும் எனக்கு வரவில்லை. "உனக்கு இதெல்லாம் சரிப்படாது. அடுக்களையில பேசுத மாதிரியே இருக்கு" என்று சொல்லி, நான் பேசிய இடத்தின்மேலேயே மறுபடி பதிந்தார். இளவரசிக்கும் அவரே குரல் கொடுத்தார். கீச்சுக் குரலெல்லாம் இல்லை. தன் குரலையே கொஞ்சம் தணித்து, கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னத் தயக்கம் காட்டிப் பேசினார். நன்றாகத்தான் இருந்தது. எனக்கே அந்த இளவரசிமேல் இரக்கம் வந்தது. ஓர் ஆணுக்கு இதெல்லாம் எப்படிப் பிடிபட்டது என்று வியந்தேன், மடைச்சி.

அந்தக் கேசட்டுகள் ஏரல் வரைக்கும் போயின. அம்பாசமுத்திரம் பக்கம் போயின. ஒரு நாள் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு பெண் தன் தாயாரோடு பஸ் ஏறி அவரைப் பார்க்க வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர் நெஞ்சை நிமிர்த்திப் பாராட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொண்டுபோனேன். செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, "வெயில்ல வந்திருக்கீங்க. காப்பி குடிக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவள் செம்பை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, இன்னொரு தடவ கேளுங்க" என்றாள்.

"என்னத்த?"

"காப்பி குடிக்கீங்களான்னு."

கேட்டேன். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "சார், இவங்கதானே உங்க இளவரசி? கேக்கும்போது கடைசியில குரல் இறங்கிருது பாருங்க. பதில் வராதுன்னு தெரிஞ்சே கேக்குத மாதிரி. இளவரசியும் அப்படித்தானே கேப்பா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"பிடிச்சிட்டீங்களே! வீட்டுலயே வச்சுக்கிட்டு வேற எங்கன போய்த் தேட? தினமும் சாயங்காலம் நான் வந்ததும் இவ கேப்பா." நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப்போலவே கேட்டுக் காட்டினார். "வந்தாச்சா? சாப்பிடுதியளா?"

அந்தத் தயக்கம் இருந்தது. கடைசியில் இறங்குவதும் இருந்தது. இறங்குகிற இடத்தில் நான் விழுங்குகிற எச்சில்கூட இருந்தது. அந்தப் பெண்ணும் தாயாரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? காப்பி போடுகிறேன் என்று அடுக்களைக்குப் போனேன். பாலை அடுப்பில் வைத்தேன்.

காது மந்தம் என்றல்லவா நினைத்திருந்தேன். அந்த மனிதர் ஒரு நாள் விடாமல் கேட்டிருக்கிறார். என் குரல் எங்கே இறங்குகிறது, ஏன் இறங்குகிறது, எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து ஊராருக்குக் கொடுத்திருக்கிறார். எனக்குப் பதில் சொல்வதற்கு மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தெரியாமல் செய்தார் என்று நினைத்திருந்தவரை எனக்கு வருத்தம்தான் இருந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாக அவர்மேல் வெறுப்பு வந்தது.

அதற்குப் பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவர் வந்தால் தட்டை வைப்பேன், தண்ணீர் வைப்பேன், என் பாட்டுக்குப் போவேன். சண்டை போடவில்லை, அழவில்லை. அவர் கவனிக்க மாட்டார் என்றுதான் எண்ணியிருந்தேன். சில நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னளா, வாயில கொழுக்கட்டையா? ஞாயித்துக்கெழம இளவரசி அழுத கட்டம் வருது. நீ இப்படி ஊமையா இருந்தா நான் எப்படிப் படிக்க?"

அதையும், துண்டு எங்கே என்று கேட்கிற, எனக்கென்று வைத்திருந்த குரலில்தான் கேட்டார்.